கண்ணுக்கு விடாத இடம்

சென்ற ஆனி மாதம் சேலத்திலிருந்து பிரவீண் என்ற இளைஞர் எனக்குப் போன் செய்தார். பழைய விளையாட்டு இயந்திரங்களை வாங்கிச் சீர்செய்து சேர்ப்பவராம். ஏற்காடு அடிவாரத்தில், கொண்டப்பநாயக்கன்பட்டியில் வெகுகாலமாகப் பூட்டிக் கிடந்த ஒரு ஹோட்டலின் பின்கட்டிலிருந்து ஒரு குண்டு மிஷினைத் தூக்கி வந்திருப்பதாகச் சொன்னார்.

"சார், அதோட தலைக் கண்ணாடியில ஒரு பொம்பளப் படம் இருக்கு. லைட்டை அணைச்சா கண்ணே இல்ல. லைட்டைப் போட்டா கண்ணு வருது. நீங்கதான் வரைஞ்சீங்கன்னு சொன்னாங்க. கீழே உங்க பேரைப் பித்தளையில வெட்டி வைக்கப்போறேன். எப்படி சார் யோசிச்சீங்க?"

நான் யோசிக்கவில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

நம் லாரி பாடி கட்டுவோர் சங்க மலருக்கு எழுதும்படி மூன்று வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். மூன்று வருடமும் முழங்கால் வலி என்று சொல்லி வந்தேன். எழுதுவதற்கு முழங்கால் தேவையில்லை என்பது கேட்டவர்களுக்கும் தெரியும், மரியாதைக்காக விட்டுவிட்டார்கள். இந்த வருடம் எழுதுகிறேன். பித்தளையில் பெயர் ஏறுவதற்கு முன்னால் காகிதத்தில் உண்மை ஏறட்டும்.

நான் ஓவியக் கல்லூரியில் ஐந்து வருடம் படித்தவன். பூச்சாடி, பழத்தட்டு, மண்டை ஓடு எல்லாம் வரைந்து முதல் வகுப்பில் தேறினேன். ஓவிய ஆசிரியர் வேலைக்கு மனுப் போட்டுக் காத்திருந்தேன். வேலை வரவில்லை, கல்யாணம் வந்தது. எழுபதுகளின் நடுவில் நாமக்கல்லில் திருச்செங்கோடு சாலையில் இருந்த நல்லப்பனின் பாடிப் பட்டறையில் பெயிண்டராகச் சேர்ந்தேன். முதல் இரண்டு வருடம் லாரிகளின் பின்பக்கம் 'ஒலி எழுப்பவும்' என்று எழுதினேன். அந்த இரண்டு சொற்களை எழுதிய அளவுக்கு என் பெயரைக்கூட நான் எழுதியதில்லை.

பட்டறையின் தலைமைப் பெயிண்டர் செங்கோடன். எல்லாருக்கும் மேஸ்திரி. அப்போது நாற்பது வயது இருக்கும். நாலாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். ஒல்லியான ஆள், தோளில் எப்போதும் ஒரு வெள்ளைத் துண்டு. பெயிண்ட் பட்டறையில் வெள்ளைத் துண்டை வெள்ளையாகவே வைத்திருப்பது எவ்வளவு கடினம் என்பது இதைப் படிக்கும் உங்களுக்குத் தெரியும். அவர் யாரையும் திட்டியதில்லை, குரலை உயர்த்தியதும் இல்லை. ஒருவன் வேலையை முடித்துவிட்டு நின்றால் பக்கத்தில் வருவார். கட்டைவிரல் நகத்தால் ஓரத்தில் லேசாகச் சுரண்டுவார். நகத்தை முகர்ந்து பார்ப்பார். இரண்டடி பின்னால் போய்த் தலையைச் சாய்த்துப் பார்ப்பார். வேலை சரியாக இருந்தால் ஒன்றும் சொல்லாமல் போய்விடுவார். சரியில்லை என்றால் "நல்லாத்தான் இருக்குதுங்க" என்பார். சொல்லிவிட்டு மண்ணெண்ணெயில் நனைத்த துணியைக் கையில் கொடுப்பார். அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்று அதற்கு அர்த்தம்.

அந்தப் பட்டறையில் மேஸ்திரிக்குக் கீழே என்னைத் தவிரப் பதினான்கு பேர் வேலை செய்தார்கள். 'நல்லாத்தான் இருக்குது' என்ற சொல்லைக் கேட்டால் எல்லோருடைய கையும் தானாகத் துணிக்கு நீளும். என் மனைவி ஒருநாள் நான் வாங்கி வந்த கத்தரிக்காயைப் பார்த்து அதே சொல்லைச் சொன்னாள். பையைத் தூக்கிக்கொண்டு சந்தைக்குத் திரும்பப் போய்விட்டேன்.

என்னை மட்டும் அவர் வாத்தியாரே என்று கூப்பிடுவார். வேலைக்காகக் காத்திருந்த கதை அவருக்குத் தெரியும். மற்றவர்களை வாடா போடா என்பவர், என்னிடம் 'ங்க' போட்டுப் பேசுவார். அது மரியாதையா குத்தலா என்று எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. நான் குத்தல் என்றே எடுத்துக்கொண்டேன்.

ஒருமுறை வாழப்பாடிக்காரர் ஒருவரின் புது லாரிக்கு, முன்பலகையில் லட்சுமி படம் போடும் வேலை எனக்குக் கிடைத்தது. கல்லூரியில் படித்ததையெல்லாம் அதில் இறக்கினேன். இடப்பக்கமிருந்து வெளிச்சம், மூக்குக்கு வலப்புறம் நிழல், தாடைக்குக் கீழே இன்னும் அடர்த்தியான நிழல். நான்கு நாள் ஆயிற்று. மேஸ்திரி வந்தார். சுரண்டினார், முகர்ந்தார், தலையைச் சாய்த்தார்.

"நல்லாத்தான் இருக்குதுங்க வாத்தியாரே. ஆனா ஆத்தாளுக்கு ஒருபக்கம் பவுடர் போட்டு மறுபக்கம் மறந்துட்டீங்களாட்ட இருக்குது."

பதினான்கு பேரும் சிரித்தார்கள். லாரி எடுக்க வந்த வாழப்பாடிக்காரரும் சிரித்தார். மண்ணெண்ணெய்த் துணி என் கைக்கு வந்தது. அந்தச் சிரிப்பை நான் மடித்து உள்ளே வைத்துக்கொண்டேன். ஒன்றரை வருடம் வைத்திருந்தேன்.

அப்போதுதான் குண்டு மிஷின் வந்தது.

முதலாளி நல்லப்பன் கொண்டப்பநாயக்கன்பட்டியில் ஒரு ஹோட்டல் கட்டிக்கொண்டிருந்தார். ஏற்காடு போகிறவர்கள் மலை ஏறுவதற்கு முன்னால் வயிற்றை நிரப்பிக்கொள்ளும் இடம். மலையில் வெள்ளைக்காரக் காப்பித்தோட்ட முதலாளிகள் கூடிய பழைய மன்றம் ஒன்றைக் கலைத்துச் சாமான்களை ஏலம் விட்டபோது, நாற்காலி வாங்கப் போனவர் இந்த மிஷினோடு திரும்பினார். நாற்காலி ஒன்றுகூட வாங்கவில்லை.

பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன், ஆங்கிலத்தில் பின்பால் என்பார்கள். நான்கு கால் வைத்த சாய்வான மேசை, மேலே கண்ணாடி மூடி. வலது மூலையில் உள்ள சுருள்வில் கைப்பிடியை இழுத்து விட்டால் எஃகுக் குண்டு ஒன்று மேலே ஓடி, வழியிலுள்ள காளான் போன்ற குமிழ்களில் மோதி மோதிக் கீழே இறங்கும். மோதும்போதெல்லாம் மணி அடிக்கும், விளக்கு எரியும். கீழே விழாமல் இரண்டு துடுப்புகளால் தட்டி அனுப்ப வேண்டும். மேசையின் தலைமாட்டில் ஒரு பெட்டி நிமிர்ந்து நிற்கும். அதன் முகப்பில் படம் தீட்டிய கண்ணாடி, உள்ளே பல்புகள். இந்தக் கண்ணாடியைத்தான் பிரவீண் தலைக் கண்ணாடி என்றார்.

உள்வேலையை மோட்டாருக்குக் காயில் கட்டும் மணி பார்த்துக்கொண்டான். வெளி அழகெல்லாம் எங்கள் பொறுப்பு. மலைக் குளிரும் கரையானும் பெட்டியைத் தின்றிருந்தன. மரப் பெட்டிதானே, லாரி பாடிதானே என்று ஆரம்பித்தோம். பழைய வர்ணத்தைச் சுரண்டி, ஓட்டையைப் பட்டிப் பசையால் அடைத்து, தண்ணீர்த்தாள் போட்டுத் தேய்த்து, பிரைமர் அடித்து, மறுபடி தேய்த்தோம். பக்கவாட்டில் சிவப்பு நட்சத்திரங்கள் இருந்தன. அவற்றை அச்செடுத்து, ஆஸ்பத்திரியில் வேண்டாமென்று போட்ட எக்ஸ்ரே படத்தில் வெட்டித் துளை அச்சு செய்தேன். யாரோ ஒருவரின் விலா எலும்புகளுக்கு நடுவே நட்சத்திரம் வெட்டியது இன்றும் நினைவிருக்கிறது. உடைந்து போயிருந்த குமிழ் மூடிகளுக்குப் பதிலாக லாரியின் பின்விளக்குச் சிவப்பு மூடிகளை அறுத்துப் பொருத்தினோம். குண்டு ஒவ்வொரு முறை மோதும்போதும் ஒரு லாரி பிரேக் போட்டதுபோல் இருக்கும். குமிழைச் சுற்றிய ரப்பர் வளையத்துக்கு சைக்கிள் டியூப். நாமக்கல்லில் கிடைக்காத சாமான் என்று ஒன்று கிடையாது என்பது முதலாளியின் கொள்கை.

தலைக் கண்ணாடிதான் பாக்கி. அதில் ராட்டின மரக்குதிரை மேல் ஒரு வெள்ளைக்காரி உட்கார்ந்து கையை உயர்த்திக்கொண்டிருந்தாள். பல்புச் சூட்டில் வர்ணம் பாதிக்கு மேல் சருகாக உதிர்ந்திருந்தது. குதிரை முழுசாக இருந்தது. அவளுக்குத் தொப்பியும் கைகளும் கால்களும் இருந்தன, முகம் இல்லை.

முதலாளி கால்களைத்தான் முதலில் பார்த்தார். "ஏனுங்க மேஸ்திரி, குடும்பத்தோட வர்ற எடம். பாவாடையச் சித்த எறக்கி உடுங்க."

"எம்புட்டுங்க?"

"முழங்கால் வரைக்கும்."

மறுநாள் முதலாளியம்மா வந்து பார்த்துவிட்டுக் கணுக்கால் வரை என்றார். மூன்றாம் நாள் முதலாளியின் தாயார் வந்தார். செருப்பு மட்டும் தெரிந்தால் போதும் என்றார். நான்காம் நாள் யாரும் வருவதற்குள் வேலையை ஆரம்பித்துவிட வேண்டும் என்று மேஸ்திரி முடிவு செய்தார்.

இங்கே கண்ணாடி வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பலகையில் வரையும்போது அடியில் நிறம் போட்டு, மேலே கோடு போட்டு, கடைசியில் கண், மூக்குத்தி, மினுக்கம் வைப்போம். இது கண்ணாடியின் பின்பக்கம் தீட்டி முன்பக்கமிருந்து பார்க்கும் படம். ஆகவே எல்லாம் தலைகீழ். கடைசியில் வைப்பதை முதலில் வைக்க வேண்டும். முதலில் கோடு, பிறகு மினுக்கம், பிறகு நிறம். முதலில் போட்டதை அடுத்துப் போட்டது மறைக்காது. அடுத்துப் போட்டதைத்தான் முதலில் போட்டது மறைக்கும். கல்லூரியில் இதை ஒரு பருவம் முழுக்கப் படித்திருந்தேன். பட்டறையில் எனக்கு மட்டுமே தெரிந்த வேலை இது ஒன்றுதான்.

மேஸ்திரி கண்ணாடியைத் தொட்டதில்லை. ஆனாலும் பெரிய மனதோடு, "கோடெல்லாம் நீங்க போடுங்க வாத்தியாரே. பின்னால நெறம் நான் அடிக்கறேன்" என்றார். அப்படியே செய்தோம். பாவாடையைச் செருப்பு வரை இறக்கினோம். முகத்துக்கு நான் கோடு போட ஆரம்பித்தபோது என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"மொகம் நீங்க போடுங்க. கண்ண மட்டும் உட்டுருங்க. அது என்னுது."

எங்கள் பட்டறையில் கண் திறப்பு என்பது மேஸ்திரியின் உரிமை. எந்த லாரியிலும் முன்பலகைத் தெய்வத்துக்கும் பின்னாலுள்ள பூத முகத்துக்கும் கண்கள் கடைசியாகத்தான் வைக்கப்படும், வண்டி வெளியேறும் காலையில். முகம் முடிந்த நிமிடத்திலிருந்து அதுவரை அதன்மேல் துண்டு போட்டு மூடியிருக்கும். அன்று அவர் பட்டினியாக வருவார். தலைக்குக் குளித்திருப்பார். அணில் முடித் தூரிகையை அதற்கு மட்டும்தான் எடுப்பார். திறந்த கண்ணின் முதல் பார்வை மனிதர் மேல் விழக்கூடாது என்பதற்காக யாராவது ஒருவர் எதிரே பூசணிக்காயைத் தூக்கிப் பிடிப்பார். கண் திறந்ததும் அந்தக் காயைச் சாலையில் போட்டு உடைப்போம். இதில் ஒரு சடங்கைக் குறைத்தாலும் லாரிக்காரர்கள் வண்டியை எடுக்க மாட்டார்கள். மிஷின் பெண்ணுக்கும் அதே முறைதான். கண் உள்ளதற்கெல்லாம் ஒரே சட்டம் என்றார் மேஸ்திரி.

கண்ணாடியில் கண்ணைக் கடைசியில் வைத்தால் முகத்து நிறத்துக்குப் பின்னால் போய்விடும். முன்னாலிருந்து தெரியாது. இது எனக்கு அந்த நொடியே தெரியும்.

தீர்வும் தெரியும். முகத்துக்குத் தோல் நிறம் பூசும்போது கண் வரும் இடத்தில் இரண்டு பாதாம் பருப்பு அளவுக்கு வெறும் கண்ணாடியாக விட்டுவிட்டால் போதும். அவர் கடைசியில், குளித்து, பட்டினியோடு, பூசணிக்காயோடு வந்து அந்த இடத்தில் கண் வைத்தால் முன்னாலிருந்து அழகாகத் தெரியும். சடங்கும் கெடாது, கண்ணாடியும் கெடாது. அவரிடம் ஒரு வார்த்தை சொல்லக்கூட வேண்டியதில்லை. முகத்துக்கு நிறம் பூசுவதையும் என்னிடமே விட்டிருந்தார்.

உண்மையில் இடம் விட்டேன். மெழுகுப் பென்சிலால் இரண்டு வளைவு போட்டு, அதைச் சுற்றித்தான் பூசினேன். உள்ளே பல்பு வெளிச்சம் தெரிய வேண்டும் என்று மணி சொல்லியிருந்ததால் வார்னிஷ் கலந்து மெல்லியதாகப் பூசினேன். நெற்றி முடிந்தது, கன்னம் முடிந்தது. அப்போது மேஸ்திரி அந்தப் பக்கமாகப் போனார். போகிற போக்கில் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, "வாத்தியாரே, இவளுக்காவது ரெண்டு பக்கமும் பவுடர் போட்டு உடுங்க" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. அன்று பக்கத்தில் யாருமே இல்லை. அவர்கூடச் சிரிக்கவில்லை, விளையாட்டாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்குத்தான் பழைய சிரிப்பு பதினான்கு தொண்டையிலிருந்தும் கேட்டது. தூரிகையைத் தோய்த்து அந்த இரண்டு பாதாம் பருப்பையும் அடைத்தேன். இடது பக்கம் ஒரு இழுப்பு, வலது பக்கம் ஒரு இழுப்பு. என் வாழ்க்கையில் நான் செய்த மிகச் சுருக்கமான வேலை அது. காய்ந்ததும் முன்பக்கத்தைத் துண்டால் மூடினேன்.

ஹோட்டல் திறப்பு நாள் காலையில் பட்டறையிலேயே கண் திறந்தார். கண்ணாடியின் முன்பக்கம் துண்டோடு சுவரைப் பார்த்திருந்தது. நாங்கள் எல்லோரும் பின்பக்கம் நின்றோம். கற்பூரம் ஏற்றினார்கள். பூசணிக்காயைப் பிடிக்கும் முறை அன்று எனக்கு வந்தது. மேஸ்திரி மூச்சை அடக்கி இரண்டு கண்களையும் வைத்தார். நீண்ட, கூர்மையான, கறுத்த கண்கள். வெள்ளைக்காரி என்று பாராமல் மாரியம்மனுக்கு வைக்கிற கண்ணையே வைத்துவிட்டார். பின்பக்கமிருந்து பார்க்க அவ்வளவு உயிராக இருந்தது. நான் காயை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, ஒன்றும் தெரியாதவனைப்போல் நின்றேன். காயை உடைக்கச் சொன்னார்கள். உடைத்தேன். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம்.

கண்ணாடியைத் துண்டோடு வேனில் ஏற்றி, மணி அங்கே பெட்டியில் பொருத்தினான். ஹோட்டலில் நூறு பேருக்குக் குறையாத கூட்டம். முதலாளியம்மா குத்துவிளக்கு ஏற்றினார். சுவிட்சைப் போடப் போன நேரம் கரண்ட் போயிற்று. அந்த வருடங்களில் அது செய்தியே இல்லை. "படத்தையாவது பாக்கட்டும், தொறங்க" என்றார் முதலாளி. மேஸ்திரியே முன்னால் வந்து, வெள்ளைத் துண்டின் முனையைப் பிடித்து இழுத்தார்.

செருப்பு வரை பாவாடை. மரக்குதிரை. உயர்த்திய கை. தொப்பி. தொப்பிக்குக் கீழே உரித்த முட்டை மாதிரி ஒரு முகம்.

முன்வரிசைக்காரர்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். பிறகு பின்வரிசையிலிருந்து ஒருவர், "ஏனுங்க, புள்ள தூங்குதுங்களா?" என்றார்.

"தூங்குனா இமை இருக்கோணுமில்லீங்க" என்றார் பக்கத்திலிருந்தவர்.

"குதிரைக்குக் கண்ணு இருக்குதே, அதை நம்பித்தான் ஏறியிருக்கறா" என்றார் இன்னொருவர். அவ்வளவுதான், கூட்டம் சிரிப்பில் குலுங்கியது. முதலாளியின் தாயார் மட்டும் சிரிக்கவில்லை. "நல்ல நாளதுவுமா கண்ணில்லாதவளக் கொண்டாந்து வாசல்ல நிறுத்தியிருக்கறீங்களே சாமி" என்று தலையில் அடித்துக்கொண்டார். முதலாளியின் முகம் கறுத்துவிட்டது.

மேஸ்திரி கண்ணாடியைக் கட்டைவிரல் நகத்தால் தொட்டார். சுரண்ட அங்கே ஒன்றுமில்லை, வெறும் கண்ணாடி. பெட்டியின் பின்னால் போய்க் கதவைத் திறந்து பார்த்தார். காலையில் வைத்த கண்கள் அங்கே அப்படியே இருந்தன. மறுபடி முன்னால் வந்தார். மறுபடி பின்னால் போனார். பிறகு கூட்டத்தில் என்னைத் தேடிப் பார்த்தார். பக்கத்தில் வந்து, கையிலிருந்த வெள்ளைத் துண்டை என் கையில் கொடுத்தார்.

"நல்லாத்தான் இருக்குதுங்க வாத்தியாரே."

வெளியே போய், சேலம் பஸ்ஸில் ஏறிவிட்டார்.

இருபது நிமிடம் கழித்துக் கரண்ட் வந்தது. மணி அடித்தது, குமிழ்கள் சிவந்தன, பெட்டிக்குள் பல்புகள் எரிந்தன. அந்த வெளிச்சத்தில், நான் மெல்லியதாகப் பூசியிருந்த தோலுக்குப் பின்னாலிருந்து, மேஸ்திரி வைத்த இரண்டு கண்களும் மெதுவாக முன்னால் வந்தன. நீண்ட, கூர்மையான, கறுத்த கண்கள். சிரித்துக்கொண்டிருந்த கூட்டம் ஒரு அடி பின்னால் போயிற்று. முதலாளியின் தாயார் கன்னத்தில் போட்டுக்கொண்டார். கூட்டத்தோடு நானும் பின்வாங்கினேன். இப்படி ஆகும் என்று நான் நினைக்கவில்லை.

முதலாளி என் தோளைப் பிடித்தார். "ஏனுங்க வாத்தியாரே, இது எப்பிடிங்க?"

"அப்படித்தாங்க ஏற்பாடு பண்ணினேன். கரண்ட் வந்தாத்தான் கண்ணு" என்றேன்.

பண்ணினேன் என்று சொன்னேன். பண்ணினோம் என்றுகூடச் சொல்லவில்லை.

மேஸ்திரி பட்டறைக்குத் திரும்பவில்லை. முதலாளி ஆளனுப்பியும் வரவில்லை. தன் மனைவியின் ஊரான ஜேடர்பாளையத்துக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். மூன்றாம் மாதம் என்னைத் தலைமைப் பெயிண்டராக்கினார்கள். ஏற்காடு போகும் பஸ்களெல்லாம் அந்த ஹோட்டலில் நின்றன. கரண்ட் போனால் கண்ணை மூடிக்கொள்ளும் பெண் என்று அவளுக்குப் பெயர் வந்தது. மின்வாரியத்து ஆட்கள்கூட வந்து பார்த்தார்கள். எண்பதுகள் முழுக்க, எந்தப் பட்டறைக்குப் போனாலும் 'அந்தக் கண்ணு வெச்சவரு' என்றுதான் என்னை அறிமுகப்படுத்தினார்கள். நான் ஒருமுறைகூட மறுக்கவில்லை. நாமக்கல்லிலிருந்து ஜேடர்பாளையம் ஒரு பஸ் தூரம்தான். ஒருமுறைகூடப் போகவில்லை.

பிரவீணின் போனுக்குப் பிறகு போனேன். அவரே காரில் அழைத்துப் போனார். மேஸ்திரிக்கு எண்பத்தைந்து தாண்டிவிட்டது. வேப்ப மரத்தடியில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். தோளில் வெள்ளைத் துண்டு.

"ஆருங்க அது?"

"நாந்தானுங்க மேஸ்திரி. வாத்தியாரு."

என்னை மேலும் கீழும் பார்த்தார். "இன்னும் ஒலி எழுப்பறீங்களா?"

இத்தனை காலம் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். "கேட்டுக்குப் பெயிண்ட், தொட்டிக்குப் பெயிண்ட். பொங்கலுக்கு மாட்டுக் கொம்புக்கு வர்ணம். மாட்டுக்குக் கண்ண ஆண்டவனே வெச்சு அனுப்பிச்சர்றான், அதனால தொந்தரவு இல்லீங்க" என்றார். அன்றைக்குப் பிறகு அவர் ஒரு கண்கூட வைக்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

பிரவீண் தன் போனில் எடுத்து வைத்திருந்த படத்தைக் காட்டினார். விளக்கு அணைந்திருக்கிறது, முகம் வெறுமையாக இருக்கிறது. விளக்கு எரிகிறது, கண் வருகிறது. மேஸ்திரி போனை மூக்கருகே பிடித்தார்.

"இன்னொருக்கா அணைங்க சாமி." அணைத்தார். "போடுங்க." போட்டார். ஆறேழு தடவை அப்படி நடந்தது. பிறகு என்னிடம் கேட்டார். "இது நீங்க பொறகு போட்ட கண்ணாடிங்களா? கண்ணு தொறக்கற பொம்பள ஒருத்தி இருக்கறான்னு இங்கயும் பேசிக்கிட்டாங்க. வாத்தியாரு பழசை ஒடச்சுப்போட்டு வேற போட்டுட்டாராட்ட இருக்குதுன்னு நெனச்சேன்."

"அதே கண்ணாடிதானுங்க. நீங்க வெச்ச கண்ணுதானுங்க."

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். பென்சில் வளைவு, இரண்டு இழுப்பு, பூசணிக்காய், கரண்ட் வந்த பிறகு நான் சொன்ன ஒரு வரி. பிரவீண் பக்கத்தில் இருக்கிறார் என்பதற்காக எதையும் குறைக்கவில்லை.

மேஸ்திரி போனை மடியில் வைத்தார். "நீங்க சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேனுங்க. கண்ண மொதல்ல வையுங்கன்னு சொன்னா, போயி ஒலி எழுப்பவும் எழுதுங்கன்னு தொரத்தியிருப்பேன்."

அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நான் கரையேறியிருக்கலாம். "சொல்லவே வேண்டியதில்லீங்க மேஸ்திரி. எடம் உட்டிருந்தாப் போதும். உட்டுத்தான் வெச்சிருந்தேன். அப்புறம் அடச்சேன்" என்றேன்.

"ஆமாங்க" என்றார். "அது தப்புத்தானுங்க."

அவருடைய மருமகள் மோர் கொண்டுவந்து வைத்தாள். யாரும் எடுக்கவில்லை.

"கண்ணில்லாமயே ஒரு பொம்பளய ஒடைக்க உட்டுட்டமேன்னு எனக்கு மனசே ஆறலீங்க" என்றார் அவர். "வருசா வருசம் ஆடியில மாரியாத்தாளுக்கு வெள்ளிக் கண்மலர் வாங்கிச் சாத்திக்கிட்டு வாரேன். அந்தப் புள்ள பேருக்கு. பேரு தெரியாதுங்களா, குதிரக்காரின்னு சொல்லித்தான் சாத்துவேன். பூசாரி கேக்காத கேள்வி இல்ல."

கண்மலர் என்பது வெள்ளித் தகட்டில் வெட்டிய இரண்டு கண்கள். கண் நோய் கண்டவர்கள் நேர்ந்துகொண்டு அம்மனுக்குச் சாத்துவது. அவளுக்குக் கண் இருந்தது. ஹோட்டலைப் பூட்டிய நாள் வரை, கரண்ட் வந்தபோதெல்லாம் திறந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அதை ஜேடர்பாளையத்துக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டியவன் நான் ஒருவன்தான்.

மேஸ்திரி போனை மறுபடி மூக்கருகே கொண்டுபோனார். தலையைச் சாய்த்தார். "எடது கண்ணு சித்த மேல ஏறிப்போச்சு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு போனைப் பிரவீணிடம் கொடுத்தார்.

கிளம்பும்போது என்னைக் கூப்பிட்டார். "வாத்தியாரே, இந்த ஆடிக்கு நீங்க வாங்கிச் சாத்திருங்க."

"அவளுக்குத்தான் கண்ணு இருக்குதுங்களே மேஸ்திரி."

"அவளுக்கு ஆருங்க கேட்டா" என்றார்.

பித்தளையில் செங்கோடன் என்று வெட்டச் சொல்லிப் பிரவீணுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆடி மூன்றாம் செவ்வாய் காலையில் கண்மலர் வாங்கக் கோயில் கடைக்குப் போனேன். கடைக்காரர் தட்டிலிருந்து ஒரு ஜோடியை எடுத்துக்கொண்டே, "ஆருக்குங்க கண்ணுல கோளாறு?" என்று கேட்டார்.

"எனக்குத்தானுங்க" என்றேன்.

அவர் கண்மலரைக் கையில் வைத்துக்கொண்டு, தலையைச் சாய்த்து என் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்குதுங்க" என்றார்.